ஆசிரியர் கற்ற பாடம்

(எமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே நிகழ்த்திய சொற்பொழிவு)





இக்கூட்டத்திலே பேசவேண்டுமென்று சங்கச் செயலாளர் எம்மைக் கேட்டபொழுது, எதைப் பற்றிப் பேசுவது என்று நாம் சில நாட்கள் தயங்கினோம். சமய விடயங்களைப் பேசுவதற்குத் தகுதி வாய்ந்த முதியோர் பலர் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். நாமோ தேவாரத்தை வீட்டில் அம்மாவிடமும், கணக்கையும் ஆங்கிலத்தையும் மிஷன் பாடசாலையொன்றிலும் கற்று, இப்பொழுது பல்கலைக்கழகத்திலே பயின்றுகொண்டிருக்கும் மாணவர். ஆகவே, நமக்கு நன்கு தெரிந்த இடத்திலிருந்து பேசுவதே முறை என்று துணிந்தோம். அந்த இடம் வகுப்பறையின் வாங்கு.

வகுப்பறைக்குள்ளே அண்மைக் காலத்திலே ஒரு புதிய விருந்தாளி வந்திருக்கின்றது. அதனைத் திறன்பலகை என்கின்றார்கள். ஸ்மாட் போட் என்றும் சொல்லுகின்றார்கள். அவ்விருந்தாளியை நமது ஆசிரியர் ஒருவர் எவ்வாறு எதிர்கொண்டார், அதனால் அவர் பட்ட துன்பம் யாது, கற்ற பாடம் யாது, அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது யாது என்பவற்றையே இன்று சொல்ல விரும்புகின்றோம்.

பெரியோர்களே, பலகை என்பது நமக்குப் புதிதன்று. நமது முன்னோர் திண்ணைப் பள்ளியிலே மணலில் விரலால் எழுதிப் படித்தார்கள். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் வந்தன. அதன் பின்னர் சிலேற்று வந்தது. கரும்பலகையை நாம் பழைமையின் சின்னமாகக் கருதுகின்றோம். அதுவும் ஒரு காலத்திலே புதுமையாக வந்து சேர்ந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஸ்கொத்லாந்து தேசத்து எடின்பரோ நகரப் பாடசாலையொன்றின் தலைவராக இருந்த ஜேம்ஸ் பில்லன்ஸ் என்பவர், பூமிசாத்திரம் கற்பிப்பதற்குப் பெரிய கரும்பலகையையும் வர்ணச் சோக்குக் கட்டிகளையும் பயன்படுத்தினார். ஒவ்வொரு பிள்ளையின் சிலேற்றிலும் தனித்தனியே எழுதிக் காட்டிய ஆசிரியர், ஒரு முறை எழுதி எல்லோருக்கும் காட்டும் நிலை அதனால் உண்டாயிற்று.

1987 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் பவர்பொயின்ற் என்னும் மென்பொருள் வெளிவந்தது. ரொபேட் கஸ்கின்ஸ், டெனிஸ் ஒஸ்ரின் என்னும் இருவர் அதனை உருவாக்குவதில் முன்னின்றனர். அது வியாபாரக் கூட்டங்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. பாடசாலைகள் பின்னரே அதனை எடுத்துக்கொண்டன. 1991 ஆம் ஆண்டிலே கனடாவின் கல்கரி நகரத்து ஸ்மாட் ரெக்னொலொஜீஸ் என்னும் நிறுவனம், கணினித் திரையின் படத்தைப் பலகையில் விழுத்தி, அப்பலகையைத் தொட்டே கணினியை இயக்கும் ஊடாடு வெண்பலகையை அறிமுகஞ் செய்தது.

இது வேலை செய்யும் விதத்தில் மாயம் ஒன்றுமில்லை. கணினி, படத்தை விழுத்தும் எறிகருவி, தொடுகையை உணரும் பலகை என மூன்று அங்கங்கள் உண்டு. சில பலகைகளிலே இரண்டு மெல்லிய படலங்கள் விரலின் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொடுகின்றன. வேறு சிலவற்றிலே, கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் பலகையின் முகப்பிலே குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. விரல் அவற்றை மறித்த இடத்தைக் கணினி அறிந்துகொள்ளுகின்றது. ஆனால், படம் விழும் இடமும் பலகை உணரும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். எறிகருவி சிறிது அசைந்துவிட்டால், விரல் வைத்த இடம் ஒன்றாகவும் கோடு விழும் இடம் வேறொன்றாகவும் ஆகிவிடும். அப்பொழுது திரையிலே தோன்றும் சிறு குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பலகையைச் சரிப்படுத்த வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிட வேலையை ஒருவரும் சொல்லிக் கொடாத காரணத்தால், முப்பது ஆண்டு கற்பித்த ஓர் ஆசிரியர் சபை நடுவே தலைகுனிய நேர்ந்தது. அதனை நாம் கண்ணாற் கண்டோம்.

2017 ஆம் ஆண்டு நாம் பத்தாந் தரத்திற் படித்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டிலே வாழும் பழைய மாணவர் சிலர் பணஞ் சேர்த்து எமது பாடசாலைக்குத் திறன் வகுப்பறையொன்றை அமைத்துக் கொடுத்தனர். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. விழாவின் பின்னர் ஒரு மாதிரிப் பாடம் நடைபெறவேண்டும் என்றும், அதனை எமது கணித ஆசிரியரே நடத்தவேண்டும் என்றும் முடிவாயிற்று. அவர் ஓய்வு பெறுவதற்கு அப்பொழுது மூன்றாண்டுகளே இருந்தன. வட்டத்தைக் கவராயம் இல்லாமற் கையாலே கரும்பலகையிற் சுழற்றி வரைவார். தொடங்கிய இடத்திலே கோடு பிசகாமல் வந்து முட்டும். அவருடைய பாடவேளையிலே வகுப்பறை அமைதியாக இருக்கும். அது பயத்தினால் வந்த அமைதியன்று.

புதிய கருவியைப் பற்றி ஒரு நாட் செயலமர்வு ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஐம்பது பேர் இருந்த மண்டபத்திலே பயிற்றுநர் முன்னால் நின்று கருவியை இயக்கிக் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவருடைய கையும் பலகையிற் படவில்லை. அவ்வளவே பயிற்சி.

ஆசிரியர் வீட்டிலிருந்த பழைய கணினியிலே இரவு இரவாகப் பாடத்தைத் தட்டச்சுச் செய்தார். நம்மவர் பலரைப் போலவே அவரும் பாமினி எழுத்துருவையே அறிந்திருந்தார். விழா நாளன்று அப்பாடத்தைப் புதிய கணினியிலே திறந்தபொழுது, அக்கணினியிலே பாமினி இல்லை. தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த கிறுக்கலாகத் தோன்றின. ஆசிரியர் திகைத்தார். சரி, பலகையிலே கையால் எழுதுவோம் என்று விரலை வைத்தார். காலையிலே அலங்காரஞ் செய்தவர்கள் எறிகருவியிருந்த மேசையைச் சற்று நகர்த்தியிருந்தார்கள். அவர் விரல் வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கோடு விழுந்தது. வட்டம் வரைய முயன்றார். அது முட்டையாக, வேறோர் இடத்திலே தோன்றிற்று.

மாணவர் சிரித்தார்கள். விருந்தினர் சிலரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அதனை இன்று மறைப்பதிற் பயனில்லை. அந்த அறையிலே கரும்பலகையும் இல்லை. புதியது வந்ததென்று பழையதைக் கழற்றிவிட்டார்கள். ஆசிரியர் சிறிது நேரம் வாயினாலேயே ஏதோ விளக்கிவிட்டு, நன்றி கூறி இறங்கினார்.

மறுநாள் அவர் வழக்கம்போல வந்தார். எமது பழைய வகுப்பறையிலே வழக்கம்போலப் படிப்பித்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திறன் வகுப்பறை பூட்டப்பட்டது. பலகைக்கு ஒரு வெள்ளைத் துணி போர்த்தப்பட்டது. இரண்டு மாதம் அது அப்படியே கிடந்தது.

எமது வகுப்பிலே கடைசி வாங்கிலிருந்த தோழன் ஒருவன் உண்டு. கணக்கிலே அவனுக்கு என்றும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட புள்ளிகள்தாம். பின்னேரங்களிலே மாமனாருடைய கொமியூனிக்கேசன் கடையிலே இருந்து, ஊரவருக்கு விண்ணப்பங்களும் மரண அறிவித்தல்களும் தட்டச்சுச் செய்துகொடுப்பான். விழா நாளன்று சிரியாமல் இருந்தவன் அவன் ஒருவனே. என்ன பிழை நடந்ததென்று அவனுக்கு அப்பொழுதே தெரிந்திருந்தது.

"சேரிட்டைப் போய்ச் சொல்லன்" என்றோம்.

"வாத்தியாருக்கு நான் படிப்பிக்கிறதோ? எனக்குக் கணக்கே வராது" என்றான்.

நாம் அவனை வற்புறுத்தி ஆசிரியர் அறைக்கு அழைத்துச் சென்றோம். சிரித்த குற்றம் உள்ளே உறுத்தியதனாற் போனோம் என்பதே உண்மை. அவன் நிலத்தைப் பார்த்தபடி, பாமினி என்றால் என்ன, யூனிக்கோட் என்றால் என்ன, குறிகளைத் தொட்டுப் பலகையைச் சரிப்படுத்துவது எப்படி என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். ஆசிரியர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எமக்குக் கால் நடுங்கிற்று. பின்னர் அவர், "தம்பி, பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு நிக்கிறியே? நான் திறப்பு வாங்கி வைக்கிறன்" என்றார்.

அன்று பின்னேரம் அத்துணி நீங்கிற்று. அவன் பலகையருகே நின்றான். ஆசிரியர் மாணவனுடைய வாங்கிலே, கையில் ஒரு கொப்பியோடு அமர்ந்தார். அவன் கூச்சத்தாற் பேச முடியாமல் நின்றபொழுது அவர் சொன்னார்: "தகப்பன்சாமி கதை கேட்டனிதானே? தகப்பனே குனிஞ்சு காதைக் குடுத்தவர். நீ சொல்லு, நான் கேக்கிறன்."

அன்பர்களே, அக்கதையை நாம் எத்தனையோ முறை கோயில்களிலே கேட்டிருக்கின்றோம். அதனை ஒரு மனிதர் வாழ்ந்து காட்டியதை அன்றுதான் பார்த்தோம்.

அவன் கருவியைத் தான் இயக்கிக் காட்டவில்லை. "சேர், நீங்கள் தொடுங்கோ" என்றான். பிழைத்தால் மீண்டும் தொடச் சொன்னான். மின்னை எந்த ஒழுங்கிலே கொடுப்பது, நிறுத்தும்பொழுது எறிகருவியின் விசிறி ஓயும்வரை ஏன் காத்திருப்பது, எழுதும் நிறத்தை மாற்றுவது எப்படி என்பவற்றையெல்லாம் ஆசிரியர் ஒவ்வொன்றாகக் கொப்பியிலே இலக்கமிட்டு எழுதினார். யூனிக்கோட்டிலே தட்டச்சுச் செய்யப் பழகுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. விரல்கள் பாமினியையே தேடிச் செல்லுமாம். பழையதை மறப்பது புதியதைக் கற்பதிலும் சிரமம் என்று அவர் அடிக்கடி சொல்லுவார்.

இரண்டாந் தவணையிலே திறன் வகுப்பறை திறக்கப்பட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் நாம் இன்று இதனைச் சொல்ல வந்திருக்கமாட்டோம். கருவியைப் பழகியமை முதற்படி மாத்திரமே.

அத்தவணை முழுவதும் ஆசிரியர் பாடத்துக்கு நாற்பது ஐம்பது படங்கள் தயாரித்துக்கொண்டு வருவார். எழுத்துக்கள் பறந்து வரும், முக்கோணங்கள் சுழலும். நாம் படமாளிகையில் இருப்பதுபோல இருந்து பார்த்தோம். எல்லாம் விளங்கியது போலவே இருந்தது. கொப்பிகள் வெறுமையாய்க் கிடந்தன. தவணைப் பரீட்சையிலே வகுப்பு முழுவதும் சறுக்கிற்று. விடைத்தாள்களைத் திருப்பித் தந்த நாளிலே அவர் ஏசவில்லை. "பிழை உங்களிலை இல்லை. நான் படம் காட்டினனான்; கணக்குக் காட்டேல்லை" என்றார். ஆசிரியர் ஒருவர் தம்முடைய பிழையை வகுப்பின் முன்னிலையிலே ஒப்புக்கொண்டதை நாம் அதற்குமுன் கண்டதில்லை.

இஃது எமது ஆசிரியருக்கு மாத்திரம் நேர்ந்ததன்று என்பதைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பின்னரே நாம் அறிந்தோம். இங்கிலாந்து அரசாங்கம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே பாடசாலைகளுக்கு ஊடாடு வெண்பலகைகளைப் பெருமளவிலே வழங்கிற்று. லண்டன் நகரத்து இடைநிலைப் பாடசாலைகளிலே அதனால் விளைந்த பயனை லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தார் ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டிலே அறிக்கை வெளியிட்டனர். பலகை வந்தமையினால் மாத்திரம் மாணவரின் பரீட்சைப் பெறுபேறு உயர்ந்தது என்று அவர்களாற் காட்ட முடியவில்லை. கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவ் மில்லர், டெரெக் குளோவர் முதலியோர் ஆசிரியர் பலரின் வகுப்புக்களைப் பார்த்து, இக்கருவியைக் கையாள்வதிலே மூன்று படிகள் உண்டென்று கூறினர். முதற்படியிலே ஆசிரியர் பழைய முறையிலேயே விரிவுரை செய்து, கருவியை அதற்கு அலங்காரமாக வைத்துக்கொள்ளுகின்றார். இரண்டாம் படியிலே இடையிடையே மாணவரை வினாவிப் பாடத்திலே பங்குபெறச் செய்கின்றார். மூன்றாம் படியிலே கருவி மாணவரின் சிந்தனையோடு ஒன்றிவிடுகின்றது. பாடமே அதனால் வேறு உருவம் பெறுகின்றது. ஆசிரியர் பலர் முதற்படியிலேயே நின்றுவிடுவதுண்டு. எமது ஆசிரியர் நிற்கவில்லை.

மூன்றாந் தவணையிலே வட்டத்துக் கோணங்கள் பாடம் வந்தது. அன்று அவர் ஐம்பது படங்கள் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு படந்தான். ஜியோஜீப்ரா என்பது ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே மார்க்குஸ் ஹோகன்வாற்றர் என்பவர் மாணவராயிருந்த காலத்திலே தொடங்கிய கணித மென்பொருள். பாடசாலைகள் அதனைப் பணங்கொடாமற் பெறலாம். அதிலே ஒரு வட்டம் வரைந்து, ஒரு நாணை இழுத்து, பரிதியிலே ஒரு புள்ளியைக் குறித்து, அப்புள்ளியிலும் மையத்திலும் உண்டாகும் கோணங்களின் அளவு திரையிலே தெரியும்படி வைத்திருந்தார்.

கடைசி வாங்குத் தோழனை அழைத்து, "புள்ளியைப் பிடிச்சு மெல்ல நகர்த்து" என்றார். அவன் நகர்த்தினான். பரிதியிலுள்ள கோணம் 50 பாகை. புள்ளி மேலே போயிற்று, பக்கமாய்ப் போயிற்று, நாணின் அருகே இறங்கிற்று. கோணம் 50 ஆகவே நின்றது, மையத்திலே 100. வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. புள்ளி நாணைக் கடந்து மற்றப் பக்கம் போனவுடனே எண் 130 ஆக மாறிற்று. "ஏன் சேர் இஞ்சாலை வந்தவுடனை 130?" என்று அவன் திரும்பிக் கேட்டான். கணித பாடத்திலே அவன் வாய் திறந்து கேட்ட முதற் கேள்வி அதுதான்.

ஆசிரியர் விடை சொல்லவில்லை. எறிகருவியை நிறுத்தினார். பக்கத்தில் மீண்டும் மாட்டுவித்திருந்த கரும்பலகையிலே, கையாலே ஒரு வட்டம் வரைந்தார். "இப்ப கொப்பியைத் திறவுங்கோ. பக்கத்திலை இருக்கிறவரோடை கதைச்சு, ஏனெண்டு நிறுவுங்கோ" என்றார். ஆரைகளினாலே இருசமபக்க முக்கோணங்கள் அமைவதைக் கண்டு, மையக் கோணம் இருமடங்காவதை நாமே நிறுவினோம். அந்தத் தேற்றத்தை நாம் இன்றைக்கும் மறக்கவில்லை.

பலகையின் பெருமை எங்கே இருந்தது? கரும்பலகையிலே புள்ளியை நகர்த்த முடியாது. ஆசிரியர் பத்து வட்டம் வரைந்தாலும் பத்து நிலைகளையே காட்டலாம். நகரும் புள்ளியைக் காட்டுவது கருவிக்கே உரிய வேலை. அவ்வேலைக்கு மாத்திரம் அதனை அழைத்து, வேலை முடிந்தவுடனே அனுப்பிவிட்டார். நிறுவும் வேலை மாணவனுடையது. அதனை எந்தக் கருவிக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் கற்பிக்கும் எரிக் மசூர் என்பவரும் இவ்வாறே தம் பிழையைக் கண்டவர். தம்முடைய மாணவர் கடினமான கணக்குகளைச் செய்தாலும் அடிப்படைக் கருத்துக்களை விளங்கிக்கொள்ளவில்லை என்பதை ஒரு சோதனையினால் அறிந்து, 1991 ஆம் ஆண்டளவிலே விரிவுரை முறையை மாற்றினார். ஒரு வினாவைத் திரையிலே காட்டுவார். மாணவர் தனித்தனியே விடையளிப்பர். பின்னர் பக்கத்தவரோடு விவாதித்து மீண்டும் விடையளிப்பர். விடையளிப்பதற்குச் சிறு மின்கருவிகள் வழங்கப்பட்டன. அக்கருவிகளுக்குப் பதிலாக வெறும் அட்டைகளைத் தூக்கிக் காட்டினால் யாது நிகழும் என்று கனடாவிலே ஒருவர் ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். கற்றலிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! பயன் தந்தவை வினாவும் விவாதமுமே.

இக்கருத்து நமக்குப் புதிதோ? பவணந்தி முனிவரின் நன்னூலைப் படித்தோர் இங்கே பலர் உளர். ஆசிரியர் சொன்னதைச் செவ்வையாகக் கேட்டவனுக்குப் புலமையிலே காற்பங்கே வரும் என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதனால் இன்னொரு காற்பங்கு வரும் என்றும், பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் அந்நூல் கூறுகின்றது. எமது தோழன் ஆசிரியருக்கு எடுத்துரைத்தான்; அவனுடைய அரைப்பங்கு அன்று நிரம்பத் தொடங்கிற்று. 2018 ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையிலே அவன் கணிதத்திலே திறமைச் சித்தி பெற்றான். பலகைதான் அதற்குக் காரணமென்று நாம் சாதிக்க வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை ஒரு பெரியவர் மதித்துக் கேட்டார் என்பது அவனை நிமிர்த்தியது என்றே நினைக்கின்றோம்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனாத் தொற்றினாலே நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, இந்த ஆசிரியர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தன. வீட்டு விறாந்தையிலே அரிசிப் பேணியொன்றிலே கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்து, சூம் வழியாக வகுப்பு நடத்தினார். கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள்களை எழுதி, வீட்டுப் படலை வரை சேர்ப்பித்தார். மூன்றாண்டுக்கு முன்னர் அந்தத் துணி நீங்காதிருந்தால், அந்த மாதங்களிலே அவர் வாளாவிருந்திருப்பார், பிள்ளைகளும் வாளாவிருந்திருப்பார்கள்.

பின்னர் 2022 ஆம் ஆண்டு வந்தது. மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை யார் மறப்பார்? திறன்பலகைகள் வெறும் சுவராயின. அப்பொழுது சுண்ணக்கட்டியே கைகொடுத்தது. ஆகவே, புதியது வந்தவுடனே பழையதைக் கழற்றி எறியாதிருப்பதும் ஒரு பாடம். எறிகருவியின் விளக்கும் என்றென்றும் எரியாது; இரண்டாயிரம் முதல் நாலாயிரம் மணிநேரத்தளவில் அதன் ஆயுள் முடியும். புதிய விளக்கு வாங்கப் பணமில்லாமையாற் கருவி முழுவதுமே மூலையிற் கிடப்பதுண்டு. இப்பொழுது எறிகருவி வேண்டாத பெரிய தொடுதிரைகள் வந்துவிட்டன. பாடத்தையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கருவி மாறிக்கொண்டே இருக்கும். அதனைக் கையிலெடுக்கும் ஆசிரியரின் உள்ளம் எப்படியிருக்கின்றது என்பதே நிலையான கேள்வி.

இவ்விடத்திலே ஆறுமுகநாவலர் அவர்களை நினையாதிருக்க முடியாது. மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர் அவர். வகுப்பு முறையையும் மேடைப் பிரசங்கத்தையும் அச்சியந்திரத்தின் ஆற்றலையும் அயலாரிடத்திலே கண்டார். கண்டு வெறுத்து ஒதுங்கவுமில்லை; கண்டு மயங்கி நிற்கவுமில்லை. 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொண்டுவந்தார். ஆனால், யந்திரத்தை வாங்கியதோடு அமைந்திருந்தால் நாவலர் நாவலராகியிருக்கமாட்டார். பிள்ளைகள் படிப்பதற்குப் பாலபாடங்களைத் தாமே எழுதி அதிலே அச்சிட்டார். யந்திரம் சென்னையிலிருந்து வந்தது. பாடம் அவருடைய கையிலிருந்து வந்தது.

இன்று நமது பாடசாலைகளிலே யந்திரம் வந்துகொண்டிருக்கின்றது. பாடம் எங்கே? நல்ல தமிழிலே, நமது பாடத்திட்டத்துக்கு ஏற்ப, பிள்ளை தொட்டு நகர்த்திச் சிந்திக்கத்தக்க பாடங்கள் எத்தனை உள? அவற்றை எழுதவேண்டியவர்கள் ஆசிரியர்கள். அவர்களுக்குத் துணைநிற்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே, இச்சபையின் முன்னிலையிலே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றோம்.

பெரியோர்களே, பாடசாலைக்குக் கருவி அன்பளிப்புச் செய்யும்பொழுது, அதன் பராமரிப்புக்கும் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுங்கள். திறப்பு விழாவிலே படம் எடுத்துக்கொண்டு போவதோடு கடமை முடிவதில்லை. அடுத்த ஆண்டிலே ஒரு முறை சென்று, துணி போர்த்திக் கிடக்கின்றதா என்று பாருங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, தெரியாததைத் தெரியாதென்று சொல்லுவதனால் உங்கள் மதிப்புக் குறையாது. எமது ஆசிரியரை நாம் அதிகமாக மதித்தது, அவர் கையாலே பிசகின்றி வட்டம் வரைந்த நாளிலன்று. மாணவனுடைய வாங்கிலே கொப்பியோடு அமர்ந்த நாளிலே.

வாலிப நண்பர்களே, உங்களுக்கே முதன்மையான வேண்டுகோள். நம்மிலே பலருக்குக் கணினி கைவந்தது. அதனாலே மூத்தோரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கமும் வந்திருக்கின்றது. வங்கி அட்டையோடு தடுமாறும் தகப்பனாரைப் பார்த்தும், கைத்தொலைபேசியைத் தலைகீழாகப் பிடிக்கும் பாட்டியாரைப் பார்த்தும், பலகையின் முன்னே திகைக்கும் ஆசிரியரைப் பார்த்தும் சிரிக்கின்றோம். சிரிப்பதற்கு ஒரு நொடி போதும். அன்று நாம் சிரித்த ஒரு நொடி, இரண்டு மாதத்துப் பாடத்தைத் துணியாலே மூடிற்று. நமது சங்க மண்டபத்திலே சனிக்கிழமைகளிலே இரண்டு மணிநேரம் ஒதுக்குவோம். ஓர் ஆசிரியருக்கு ஓர் இளைஞராக அருகே அமர்வோம். கருவியை நாம் இயக்கிக் காட்டாமல், அவர்களுடைய கையிலே கொடுப்போம். பிழைத்தால் மீண்டும் செய்யச் சொல்லுவோம். நமக்கு அவர்கள் 'அ' எழுதப் பழக்கியபொழுது எத்தனை முறை கையைப் பிடித்தார்கள் என்பதை அப்பொழுது நினைத்துக்கொள்வோம்.

அந்தத் தோழன் இவ்வேலைக்கு முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கின்றான். எமது ஆசிரியரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். இம்முறை அவர் எந்தப் பக்கத்து வாங்கிலே அமர்வார் என்று கேட்டோம். "எந்தப் பக்கமெண்டாலும் கொப்பியோடை வருவன்" என்றார்.